ஔவையும் ஒளவையும்: இணைய முகவரியில் தமிழ் எழுத்துக்கு என்ன விதி?

ஔவை, ஒளவை. இந்த இரண்டு சொற்களையும் உற்றுப் பாருங்கள். பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. தெரிந்தாலும் அச்சுப் பிசகு என்று கடந்துவிடுவோம். முதல் சொல்லில் இருப்பது பன்னிரண்டாவது உயிரெழுத்தான ஔ. இரண்டாவதில் இருப்பது ஓர் ஒகரமும் அதையடுத்து ஒரு ளகரமும். கரும்பலகையில் எழுதும்போது இரண்டும் ஒன்றுதான். இதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் கணினிக்கு முதல் சொல் மூன்று குறியீடுகள், இரண்டாவது சொல் நான்கு குறியீடுகள். அதாவது இரண்டு வேறு சொற்கள்.

வினாத்தாளில் இப்படி மாறிப்போனால் இழப்பு பெரிதில்லை. கோப்பில் தேடும்போது கிடைக்காது, அவ்வளவுதான். ஒரு இணையதளத்தின் பெயரில் மாறினால் கதை வேறு. ஔவை என்ற பெயரில் ஒரு பள்ளி தன் தளத்தை வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஒகரமும் ளகரமும் சேர்ந்த மற்றொரு பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டால், பெற்றோர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பள்ளி. ஒன்றில் தேர்வு முடிவு இருக்கும். மற்றொன்றில் வங்கிக் கணக்கு எண் கேட்கும் படிவம் இருக்கலாம்.

இது நடக்காமல் தடுக்க விதிகள் உண்டு. இணையப் பெயரில் எந்த எழுத்துகள் வரலாம், எதை அடுத்து எது வரலாம், எவையெல்லாம் ஒன்றாகக் கருதப்படும் என்று அவை வரையறுக்கின்றன. தமிழாசிரியரான நான் அவற்றை முதலில் தயக்கத்தோடுதான் திறந்தேன். படிக்கப் படிக்க, இது நாம் ஆறாம் வகுப்பிலிருந்து நடத்தும் எழுத்திலக்கணம் போலவே இருக்கிறதே என்று தோன்றியது. கணினி ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாத பகுதி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

37 குறிகளோடு தொடங்கிய முகவரி

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்ணால் ஆன முகவரி இருக்கிறது. எண்ணை நினைவில் வைப்பது கடினம் என்பதால் அதற்குப் பதிலாக ஒரு பெயர் வைக்கிறோம். அதுதான் டொமைன் பெயர். கணினித் தமிழில் களப்பெயர் என்றும் சொல்வர். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் அமைப்பு டி.என்.எஸ். நம் கைப்பேசியில் உள்ள தொடர்புப் பட்டியல் போன்றது. உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல். இதை 1983இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்கர்.

அந்தப் பட்டியலில் பெயர் வைக்கப் பழக்கத்தில் இருந்த குறிகள் மொத்தம் 37. ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், 0 முதல் 9 வரை 10 எண்கள், ஒரு சிறுகோடு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. பெயரின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறுகோடு வரக்கூடாது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒரு பகுதி 63 குறிகளுக்கு மேல் நீளக்கூடாது. இடைவெளிக்கு இடமே இல்லை.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. ஜெர்மானியருக்கே போதவில்லை, அவர்கள் உயிரெழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து எழுதுபவர்கள். அரபியருக்கும் சீனருக்கும் ருஷ்யருக்கும் நமக்கும் சுத்தமாகப் போதவில்லை. உலகெங்கும் உள்ள பெயர்த் தேடல் கணினிகளை எல்லாம் மாற்றுவது நடக்கிற காரியம் அன்று. எனவே பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். நாம் தமிழில் எழுதுவோம். உலாவி அதை அந்த 37 குறிகளால் ஆன ஒரு சங்கேதச் சொல்லாக மாற்றி டி.என்.எஸ்.ஸிடம் கேட்கும். இந்த மாற்றுமுறையின் பெயர் புனிகோடு. 2003இல் இது தரமாக வெளியானது. அப்படி மாற்றப்பட்ட பெயர் என்று அடையாளம் காட்ட, முன்னால் எக்ஸ், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் சேர்க்கப்படும்.

இந்தியா என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது நான்கு எழுத்து: இ, ந், தி, யா. ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், ஏழு குறியீடுகள்: இ, ந, புள்ளி, த, இகரத் துணையெழுத்து, ய, கால். புனிகோடில் முன்னொட்டையும் சேர்த்து 17 குறிகள். சிங்கப்பூர் என்பது நமக்கு ஆறு எழுத்து, ஒருங்குறியில் 11, புனிகோடில் 22. வகுப்பில் இதைக் காட்டியபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, நாலு எழுத்துக்கு ஏன் ஏழு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒருங்குறி நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரவில்லை. உயிர் 12, அகரமேறிய மெய் 18, துணையெழுத்துகள் 11, புள்ளி 1, ஆய்தம் 1. இந்த 43 குறியீடுகளைக் கோத்தே 247 எழுத்துகளும் உருவாகின்றன. கிரந்த எழுத்துகளும் எண்களும் இதற்கு வெளியே. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று நாம் சொல்வதைக் கணினி சற்றே மாற்றிச் செய்கிறது. அதற்கு அடிப்படை அகரமேறிய க. புள்ளி சேர்த்தால்தான் க் கிடைக்கும்.

ஒரு சோதனைப் பெயர்

தமிழில் இணையப் பெயர் சாத்தியமா என்ற சோதனை 2007இல் நடந்தது. பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு, பெயரின் கடைசிப் பகுதியாக வரும் 11 சொற்களைப் பல மொழிகளில் பட்டியலில் சேர்த்தது. எல்லாவற்றுக்கும் சோதனை அல்லது தேர்வு என்றே பொருள். இந்திய மொழிகளில் இந்தியும் தமிழும் இடம்பெற்றன. தமிழில் வைக்கப்பட்ட முகவரி: உதாரணம்.பரிட்சை.

ஆசிரியர்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. நாம் எழுதுவது பரீட்சை, ரீ நெடில். உலகப் பட்டியலில் ஏறியது குறில். தேர்வு என்றே வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் நடந்தது நமக்கு ஒரு நல்ல பாடம். பட்டியலில் குறிலோடு ஏறிவிட்ட பெயரை, சரியான எழுத்துக்கூட்டல் தெரிந்தவர் நெடிலோடு தட்டச்சு செய்தால் அந்தத் தளம் கிடைக்காது. டி.என்.எஸ்.ஸுக்கு அகராதி தெரியாது. எந்தக் குறியீட்டை எழுதி வைத்தோமோ அதுதான் அதற்குச் சரியான எழுத்து. அந்தச் சோதனைப் பெயர்கள் பின்னர் நீக்கப்பட்டன.

உண்மையான பெயர்கள் 2010இல் வரத் தொடங்கின. அந்த ஆண்டு மே மாதம் எகிப்து, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் பெயர்கள் அரபு எழுத்தில் ஏறின. அதே மாதம் ருஷ்யா. அந்த ஆண்டிலேயே இலங்கை தன் பெயரைச் சிங்களத்திலும் தமிழிலும் பெற்றது. 2011இல் இந்தியாவுக்கு ஏழு எழுத்து முறைகளில் இடம் கிடைத்தது. தமிழ் அவற்றில் ஒன்று. தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட சிங்கப்பூரும் அதே ஆண்டில் தன் பெயரைத் தமிழில் சேர்த்தது. ஆக, புள்ளி வைத்து இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் முகவரிகள் மூன்று நாடுகளுக்கு உண்டு. நம் நாட்டில் இவற்றை நிர்வகிப்பது நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம்.

எதற்கு அனுமதி, எதற்கு இல்லை

2003ஆம் ஆண்டு விதிகள் தாராளமானவை. ஒருங்குறியில் உள்ள குறிகளில் தடுக்கப்பட்டவை தவிர மற்றவை எல்லாம் வரலாம் என்ற போக்கு. இதயப் படம், அம்புக்குறி எல்லாம் பெயரில் வந்தன. 2010இல் வெளியான திருத்திய விதிகள் நேர்மாறாகச் சிந்தித்தன. சொல் எழுதப் பயன்படும் எழுத்து, எண், துணைக்குறி ஆகியவற்றுக்கே அனுமதி. மற்றவை எல்லாம் விலக்கு. மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: ஸ்மைலி முதலான படக்குறிகள் இந்த விதிப்படி கூடாது. சில நாட்டுப் பதிவகங்கள் விதியை மீறி விற்கின்றன என்பது வேறு.

ஒருங்குறியின் ஒவ்வொரு குறியும் இப்போது ஒரு வகையில் அடங்கும். எங்கும் வரலாம், எங்கும் வரக்கூடாது, நிபந்தனையோடு வரலாம். இந்த மூன்றாவது வகைதான் மொழி ஆசிரியருக்குச் சுவையானது. ஸ்பெயினில் பேசப்படும் கட்டலான் மொழியில் இரண்டு 'எல்' எழுத்துகளுக்கு நடுவே ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளிக்கு அனுமதி உண்டு. ஆனால் இருபுறமும் 'எல்' இருந்தால் மட்டுமே. அரபு எழுத்தில் இரண்டு வகை எண்கள் உள்ளன. ஒரே பெயரில் இரண்டு வகையையும் கலக்கக்கூடாது. சார்பெழுத்துகள் தாம் சார்ந்த எழுத்தோடுதான் வரும் என்று நாம் நடத்துவது நினைவுக்கு வரவில்லையா?

நிபந்தனையோடு வரும் இரண்டு குறிகள் கண்ணுக்கே தெரியாதவை. ஒன்று சேர்ப்பது, மற்றொன்று பிரிப்பது. ரிக்‌ஷா என்று எழுதும்போது க் தனியாகவும் ஷ தனியாகவும் நிற்க வேண்டும் என்று விரும்பினால், நடுவே பிரிக்கும் குறியை இட வேண்டும். இடாவிட்டால் ரிக்ஷா என்று இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சிங்களத்தில் ஸ்ரீ எழுதச் சேர்க்கும் குறி தேவை. பழைய விதி இந்த இரண்டு குறிகளையும் சத்தமில்லாமல் நீக்கிவிடும். புதிய விதி, புள்ளிக்கு உரிய குறிக்குப் பின்னால் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு முகவரியில் வைப்பது ஆபத்து என்பதால், பெயரின் கடைசிப் பகுதிக்கு மட்டும் இவை இரண்டும் இன்றும் கூடாது. அந்த எச்சரிக்கை சரியானது என்றே கருதுகிறேன்.

ஜெர்மானியரின் இரட்டை 'எஸ்' எழுத்துக்கும் இதே கதை. பழைய விதி அதை இரண்டு சாதாரண 'எஸ்'ஸாக மாற்றிவிட்டது. புதிய விதி அதைத் தனி எழுத்தாக ஏற்றது. விளைவு, ஒரே முகவரியைப் பழைய உலாவி ஓர் இடத்துக்கும் புதிய உலாவி வேறோர் இடத்துக்கும் கொண்டுசெல்லும் நிலை. ஓர் எழுத்தைத் தனி எழுத்தாக எண்ணுவதா, கூட்டாக எண்ணுவதா என்ற கேள்விக்கு அங்கேயும் இத்தனை விலை.

தமிழுக்கு வந்தால்

பொது விதியின்படி எந்தப் பெயரும் துணையெழுத்தில் தொடங்கக்கூடாது. தமிழுக்கு இன்னும் நுட்பமாக, கொம்பும் காலும் புள்ளியும் ஒரு மெய்யை அடுத்தே வர வேண்டும். உயிரெழுத்துக்குப் பின் கால் வராது. ஒரு மெய்க்கு இரண்டு துணையெழுத்து வராது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கெ எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடும், பிறகு க எழுதும். கணினியில் முதலில் க, பிறகு கொம்பு. கொம்பை முதலில் தட்டினால் திரையில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றும். கைப்பேசியில் பலரும் பார்த்திருப்பீர்கள். "இங்கே ஒரு மெய் இருக்க வேண்டும்" என்று கணினி சொல்லும் விதம் அது.

கொ என்பதை ஒரே துணையெழுத்தாகவும் தட்டலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டலாம். இந்த இரண்டையும் ஒருங்குறி சமமாகக் கருதுகிறது. முகவரியாக மாறும் முன் இரண்டும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரப்படும். எனவே இதில் கவலை இல்லை. கால் போடும் இடத்தில் ரகரத்தைப் போட்டால்தான் வம்பு. கெர என்று எழுதினால் பார்க்க ஏறத்தாழ கொ. கணினிக்கு அவை சமம் அல்ல. ஔகாரமும் இப்படியே: கௌ வேறு, கெள வேறு. ஒருங்குறியில் ஔகாரத்தின் வலப்பக்க உறுப்புக்கு ளகரத்தைப் போலவே தோன்றும் தனிக்குறியீடு இருக்கிறது. அதைப் போட்டால் சமமாகும். உண்மையான ளகரத்தைப் போட்டால் ஆகாது. நம் கைப்பேசி விசைப்பலகையில் அவசரத்தில் விழுவது பெரும்பாலும் இந்த உண்மையான ளகரம்தான்.

ஸ்ரீயும் இப்படித்தான். ஸகரத்தை வைத்தும் அமைக்கலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் அமைக்கலாம். பல எழுத்துருக்களில் திரையில் தெரிவது ஒரே வடிவம்.

தமிழ் எண்கள் இன்னொரு கண்ணி. ௧ என்ற எண்ணையும் க என்ற எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ௨, உ. ௭, எ. ௮, அ. எழுத்துக்கும் எண்ணுக்கும் அனுமதி என்பது பொது விதி. அதன்படி தமிழ் எண்களும் உள்ளே வந்துவிடுகின்றன. உலகம் முழுவதும் ஒன்றாகப் பயன்படுத்தும் கடைசிப் பகுதியில் எண்ணே கூடாது என்பது தனி விதி. அதற்கு முந்தைய பகுதிகளுக்கு அந்தந்தப் பதிவகமே முடிவு செய்ய வேண்டும். இதில் ஒரு பதிவகம் கவனக்குறைவாக இருந்தால், அகரத்துக்குப் பதில் எட்டைப் போட்டு ஒருவர் உங்கள் பெயரையே வாங்கிவிட முடியும்.

இத்தகைய சிக்கல்களுக்காகவே பிராமியிலிருந்து பிறந்த ஒன்பது இந்திய எழுத்து முறைகளுக்கும் சேர்த்து ஒரு வல்லுநர் குழு அமைந்தது. கடைசிப் பகுதிக்கான தமிழ் விதித்தொகுப்பு 2019இல் வந்தது. அனுமதிக்கப்பட்ட குறியீடுகள் எவை, எதை அடுத்து எது வரலாம், எவை 'மாற்று வடிவங்கள்' என்ற மூன்றையும் அது சொல்கிறது. மாற்று வடிவம் என்றால், ஒன்றை ஒருவர் வாங்கிவிட்டால் மற்றொன்று வேறு ஒருவருக்குக் கிடைக்காது. இந்தக் கணக்கு தமிழோடு நிற்பதில்லை. மலையாள உகரமும் நம் உகரமும் உறவினர் முகம்போல இருப்பவை. இகரத் துணையெழுத்தும் அப்படியே. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே இந்த வகை ஒற்றுமைகளையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

மொழிமுதல் எழுத்து விதியைக் கணினி கேட்பதில்லை. டகரத்தில் தொடங்கும் பெயருக்கும், புள்ளி வைத்த மெய்யில் தொடங்கும் பெயருக்கும் தடை இல்லை. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் நிறுவனப் பெயரும் இலக்கணத்தைக் கேட்டு வருவதில்லை என்பதால் இது நியாயமே. ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. ஒருங்குறியில் ஆய்தத்துக்கு வைத்திருக்கும் பெயர் விசர்க்கம். வடமொழி எழுத்து முறையைப் பார்த்து வைத்த பெயர், இன்றும் மாறவில்லை.

பழைய எழுத்துருக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானவில், பாமினி போன்றவற்றில் தட்டச்சு செய்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறியீடுகள். அதை நகலெடுத்து முகவரிப் பெட்டியில் ஒட்டினால் பொருளற்ற குறிகளே வரும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்ற டேஸ் 16 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி இடம் உண்டு. மாணவி கேட்ட கேள்விக்கு அது அழகான விடை. ஆனால் அந்த இடங்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் இணையப் பெயருக்கு உதவாது.

ஏமாற்றும் எழுத்து

ஒரே போலத் தோன்றும் எழுத்தை வைத்து ஏமாற்ற முடியும் என்பது கற்பனை அன்று. ருஷ்ய எழுத்து முறையில் ஆங்கில 'சி', 'ஓ' போலவே இரண்டு எழுத்துகள் உள்ளன. அவற்றை நடுவில் வைத்து மைக்ரோசாஃப்ட் பெயரைப் போலவே ஒரு பெயரைப் பதிவு செய்ய முடிந்ததை இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். அதன்பின் உலாவிகள் விழித்துக்கொண்டன. ஒரே பெயரில் சந்தேகத்துக்கு இடமாக இரண்டு மொழி எழுத்துகள் கலந்திருந்தால், பெயரை அழகாகக் காட்டாமல் புனிகோடு வடிவத்திலேயே காட்டும். 2017இல் இன்னொரு ஆய்வாளர், எழுத்து எதையும் கலக்காமல் முழுவதும் ருஷ்ய எழுத்துகளாலேயே ஆப்பிள் நிறுவனப் பெயரைப் போன்ற ஒன்றை அமைத்துக் காட்டினார். உலாவிகள் மீண்டும் தங்கள் விதியை இறுக்க வேண்டியிருந்தது.

பெற்றோர் குழுக்களில் உதவித்தொகை, இலவச மடிக்கணினி என்று சுற்றும் இணைப்புகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். தமிழ் முகவரி என்றாலே நம்பகமானது என்றோ, தமிழ் முகவரி என்றாலே மோசடி என்றோ மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம். இரண்டும் தவறு. முகவரியைக் கடைசியிலிருந்து படிக்கப் பழக்குவோம். முதல் சாய்கோடு வரும் இடத்துக்கு முன்னால் உள்ள கடைசிப் பகுதியும் அதற்கு முந்தைய பகுதியும்தான் தளத்தின் உரிமையாளர் யார் என்பதற்கான தடயம். டாட் இன் என்று முடியும் சில முகவரிகளில் கடைசி மூன்று பகுதிகளைப் பார்க்க வேண்டும். அரசுத் தளங்கள் அப்படிப்பட்டவை. இடப்பக்கம் எத்தனை பெரிய பெயரையும் யாரும் எழுதிக்கொள்ளலாம். எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்து ஒன்று உள்ளே இருக்கிறது என்று மட்டுமே பொருள். நின்று பார்த்துவிட்டு, தெரிந்த தளமா என்று முடிவு செய்யலாம்.

தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது வரிசையாகச் சதவீதக் குறிகள் வருவதைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. அங்கே தமிழில் இருப்பது தளத்தின் பெயர் அன்று. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் கட்டுரைத் தலைப்பு. அதை மாற்றும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது குறிகளாக விரியும். ஏழு குறியீடுகள் கொண்ட இந்தியா அங்கே 63 குறிகள்!

வகுப்பில் செய்து பார்க்க

இணைய இணைப்பு இல்லாமலேயே இதை நடத்தலாம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளை போதும். மாணவர்கள் தங்கள் பெயரை ஏதேனும் ஓர் எழுது செயலியில் தட்டச்சு செய்யட்டும். முதலில் தமிழ் முறைப்படி எழுத்துகளை எண்ணட்டும். பிறகு பின்னோக்கி அழிக்கும் விசையை ஒவ்வொரு முறையாக அழுத்தி, பெயர் முழுதும் மறைய எத்தனை முறை ஆனது என்று எண்ணட்டும். பெரும்பாலான செயலிகளில் ஒரு அழுத்தலுக்கு ஒரு குறியீடு மறையும். கி என்பதில் முதல் அழுத்தலில் க எஞ்சி நிற்பதைப் பார்க்கும்போது உயிர்மெய் என்றால் என்ன என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஔவைக்கும் அதே சோதனை. கடைசியில் எஞ்சும் முதலெழுத்து ஒரே அழுத்தலில் மறைந்தால் அது ஔ. ஒகரம் மட்டும் நின்றால் ளகரம் புகுந்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் இதைச் செய்தபோது பாதிப் பேருக்கு மேல் ஒகரம் நின்றது. விசைப்பலகையில் ஔ எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தேடினார்கள். கால், ரகரம் வேறுபாட்டுக்கும் இதே பயிற்சியைச் செய்யலாம். கையெழுத்தில் இந்த இரண்டையும் குழப்பும் குழந்தைகளுக்கு இது கூடுதல் பயன் தந்தது.

பள்ளிக்குத் தமிழில் பெயர் பதிய நினைத்தால்

சில பள்ளிகளில் இந்த எண்ணம் இருப்பதைக் கேள்விப்படுகிறேன். முதலில் ஒரு நடைமுறைத் தடை: முகவரி தமிழில் கிடைத்தாலும், அதை ஏற்காத படிவங்கள் இன்னும் ஏராளம். தமிழ் எழுத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியை ஒரு பதிவுப் படிவத்தில் இட்டபோது "செல்லாத முகவரி" என்ற பதிலே எனக்கு வந்தது. தமிழ் எழுத்தில் மின்னஞ்சல் அனுப்புவதற்கான தரம் 2012இலேயே வெளியாகிவிட்டது. படிவம் எழுதியவர்கள்தான் இன்னும் 37 குறிகளில் நிற்கிறார்கள். எனவே தமிழ்ப் பெயரோடு ஓர் ஆங்கிலப் பெயரும் இப்போதைக்குத் தேவைப்படும்.

அடுத்தது நம் புணர்ச்சி இலக்கணம். முகவரியில் இடைவெளி இல்லை என்பதால் சொற்கள் ஒட்டியே நிற்கும். அரசுப்பள்ளி, அரசுபள்ளி. இடையில் ஒரு பகர மெய். மேற்சொன்ன மாற்று வடிவ விதிகள் இங்கே உதவா. இவை கண்ணுக்கும் கணினிக்கும் வேறு வேறு பெயர்கள். வலி மிகுமா மிகாதா என்று தெரியாத பெற்றோர் ஒருவர் மற்றொன்றைத் தட்டினால் வேறு எங்கோ போய்ச் சேர்வார். ஊர்ப்பெயரைச் சேர்த்தால் நீளமும் கூடும். 63 குறி வரம்பு என்பது புனிகோடு வடிவத்துக்கு என்பதால், நம் கணக்கில் குறுகிய பெயர்கூட அங்கே விரைவில் எல்லையைத் தொடும். நடுநிலைப்பள்ளி, மேனிலைப்பள்ளி, மேல்நிலைப்பள்ளி என்று எழுதும் வழக்கு மாறுபடும் சொற்களைத் தவிர்ப்பது நல்லது.

எங்கள் பள்ளிக்கு யாரேனும் என்னைக் கேட்டால் இரண்டு வழி சொல்வேன். ஒன்று, சொற்களுக்கு நடுவே சிறுகோடு இடுவது. அப்போது அரசு, பள்ளி என்று சொற்கள் தனித்தனியே நிற்கும்; ஒற்று மிகுவதா என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. ஆனால் தொலைபேசியில் சொல்லும்போது "நடுவில் ஒரு கோடு" என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கும். மற்றொன்று, ஒரே சொல்லில் ஊர்ப்பெயரை மட்டும் வைப்பது. ஔகாரமும் கிரந்தமும் தமிழ் எண்ணும் அதில் இல்லாதபடி பார்த்துக்கொள்வது. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். அதையும் பதிவதற்கு முன் வெவ்வேறு விசைப்பலகை வைத்திருக்கும் நான்கைந்து மாணவர்களிடம் கொடுத்து, பார்க்காமல் காதால் கேட்டுத் தட்டச்சு செய்யச் சொல்வேன். எல்லோர் திரையிலும் ஒரே குறியீடுகள் விழுந்தால் அந்தப் பெயரைப் பதியலாம்.